கார்டு தீர்ந்துபோன நாள்

ஜூன் மாசம் பிறந்தால் சவரிராயனுக்கு ரெண்டு அடியாவது விழாமல் போகாது. பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்தவன் வாழைப்பழச் சீப்போடு வருவான். கிடைக்காதவன் கையை ஓங்கிக்கொண்டு வருவான். போன வருஷம் மண்ணாடிப்பட்டுக்காரன் ஒருத்தன் டீ கிளாஸாலேயே காதோரம் ஒரு போடு போட்டான். அதுக்கு முந்தின வருஷம் காட்டேரிக்குப்பத்து ஆள், மகன் கணக்கில் முப்பத்தொண்ணு வாங்கினதுக்கு இவர் சட்டையைக் கிழித்தான். முப்பத்தொண்ணு வாங்கினது இவரா? அதையெல்லாம் எவன் கேட்கிறான். அப்ளிகேஷன் எழுதினவன் இவன்தானே, பிடி இவனை. அவர் பெண்சாதி ரோசி மே மாசக் கடைசியிலேயே பத்துப் போடுவதற்கு மஞ்சளும் சுண்ணாம்பும் வாங்கி வைத்துவிடுவாள், மற்ற வீடுகளில் ஊறுகாய்க்கு உப்பு வாங்குகிற மாதிரி.

வில்லியனூர் கடைத்தெருவில் அக்பர் அலி பாயின் ஸ்டேஷனரிக் கடை. அதன் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டூல், ஒரு மைக்கூடு. அதுதான் சவரிராயன் ஆபீஸ். எந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ், எதற்கு எந்த சர்டிபிகேட், யார் கையெழுத்து, எத்தனை நகல், எந்தத் தேதிக்குள் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. டவுனில் ஒரு காலேஜில் பதினோரு வருஷம் அட்மிஷன் செக்‌ஷன் கிளார்க்காக இருந்தவர். அப்ளிகேஷன் ஜன்னலுக்குள் போனபிறகு என்ன பாடு படும் என்று தெரிந்த ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான். அதனால்தான் அடித்தவனும் மறுவருஷம் அடுத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இவரிடமே வந்தான்.

அப்படிப்பட்ட வேலையை ஏன் விட்டார்? கேட்காத வாய் கிடையாது. காசு வாங்கி மாட்டிக்கொண்டார் என்றது ஒரு வாய். சூப்பிரண்டு மூக்கில் குத்திவிட்டார் என்றது இன்னொரு வாய். இந்த மனுசனைப் பார்த்தால் கொசுவை அடிக்கிறவராகக்கூடத் தெரியாது, ஆனால் பேசுகிற வாய்க்கு என்ன வலியா? ரோசியிடமே அவர் சொன்னது "உடம்புக்கு ஒத்துக்கல" என்பதோடு சரி. மாசா மாசம் சம்பளம் வந்துகொண்டிருந்த வீடு. ஆறு வருஷமாய் அந்த ரெண்டு வார்த்தையை அவள் மென்றுகொண்டிருந்தாள், தொண்டையில் இறங்கவில்லை.

எண்பத்து மூணாம் வருஷம் ஜூலை, முதல் வாரம், புதன்கிழமை. குருவிநத்தத்துச் சுப்பராயலு குடும்பத்தோடு வந்து நின்றான். கரும்பு வைக்கிற குடியானவன். ஆள் முரடு, குரலும் முரடு. பின்னால் அவன் பெண்சாதி அமிர்தம், புருவத்துக்கு மேலே இன்னும் பிரிக்காத தையலோடு. யார் போட்ட காயம் என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. அவளை ஒட்டி மகள் விஜயகுமாரி, ஒரு ஒயர்க்கூடையை மாரோடு அணைத்துக்கொண்டு. நாலடி தள்ளி மூத்த மகன் மணவாளன், இருபத்து மூணு வயசு. கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தான். கொடுவாளைச் சாக்கில் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தான்.

"சார், பொண்ணுக்கு டாக்டர் சீட்டு வோணும்," என்றான் சுப்பராயலு, ரெண்டு படி கேழ்வரகு கேட்கிற தினுசில்.

சவரிராயன் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். ஆயிரத்து எழுபத்தாறு. இன்னொரு தரம் பார்த்தார்.

"மாஷா அல்லா! குருவிநத்தத்துலேருந்தா?" என்றார் எட்டிப்பார்த்த அக்பர் அலி.

"சனிக்கெழம நாலு மணியோட அப்ளிகேஷன் மூடறாங்களாம் சார்," என்றாள் விஜயகுமாரி. "பாண்டிச்சேரிக்காரங்கன்னு தாசில்தார் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாத்தான் சேக்குமாம்."

"இன்னைக்கு வந்து நிக்கிறியேம்மா? போன வாரமே வர்றதுக்கு இன்னா?"

"நைனா இன்னைக்குத்தான் சம்மதிச்சுது."

எப்படிச் சம்மதித்தான் என்பது அமிர்தத்தின் புருவத்தில் இருந்தது. சவரிராயன் யார் வந்தாலும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"பொண்ணு எங்க பொறந்துது?"

"மேட்டுச்சாவடில," என்றாள் அமிர்தம். "எங்க அம்மா வூடு. ஆத்துக்கு அந்தாண்ட. மொதோ பிரசவம் அம்மா வூட்டுலதானுங்களே? இவன அங்கதான் பெத்தேன். ரெண்டாவதுக்கும் இங்க பாக்க ஆளில்ல, மாமியா படுத்த படுக்க. அதுவும் அங்கியே ஆச்சு."

இந்த ஊர்களின் தலையெழுத்தே இதுதான். தென்பெண்ணைக்கு இந்தக் கரை பாண்டிச்சேரி, அந்தக் கரை கடலூர். இக்கரைப் பெண்கள் அக்கரை அம்மா வீட்டில் பெற்றுக்கொண்டு வருவார்கள்; பிறப்பு அங்கே பதிவாகும். பதினேழு வருஷம் கழித்து காகிதம் கேட்கும், நீ யார் என்று.

"அப்போ அப்பா இந்த மண்ணுல பொறந்தவருன்னு காட்டணும். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பொறப்புப் பத்திரம் இருக்குமே, ஆக்துன்னு சொல்லுவாங்க. நீளமா, பிரெஞ்சுல எழுதி, சீல் வெச்சி."

"இருந்துச்சு," என்றான் சுப்பராயலு. சொல்லிவிட்டுத் திரும்பி, மகன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான். கடைத்தெருவில், பட்டப்பகலில். "தோ நிக்கிறாரே தொரை, இவருதான் தொலைச்சாரு. எழுவத்தாறுல இவருக்குக் காலேஜு அப்ளிகேஷன் போட்டோம். நானூத்தி எண்பத்தாறு மார்க்கு. ஒழுங்கா எழுதத் தெரியாம எழுதி, ஆக்தையும் உள்ள வெச்சி அனுப்பிச்சி, சீட்டும் போச்சு, ஆக்தும் போச்சு. ஒழுங்கா எழுதியிருந்தா இந்நேரம் ஆபீசரு. த்தூ!"

மணவாளன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அடி வாங்குவதும் அவனுக்குக் களை வெட்டுவது மாதிரி தினப்படி வேலை. ஆனால் சைக்கிளில் போன ஒருத்தன் இதைப் பார்த்துச் சிரித்தான் பாருங்கள், அவன் விதி. மணவாளன் ஒரே எட்டில் போய் அவனைச் சைக்கிளோடு தூக்கிச் சாக்கடையில் போட்டான். போட்டு, விழுந்தவன் விலாவில் மிதித்தான். அக்பர் அலி ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். கொடுவாள் சாக்கிலிருந்து நழுவி கணீரென்று கீழே விழுந்தது. தெருவே எழுந்து நின்றது.

"ஆக்துக்கு நகல் கேட்டு எழுதிப் போட்டா?" என்று கேட்டாள் விஜயகுமாரி. அவள் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வீட்டில் பார்க்காததா?

"நாப்பது நாள் ஆவும்மா," என்றார் சவரிராயன்.

நானூத்தி எண்பத்தாறு. சுப்பராயலு மகன் மணவாளன், குருவிநத்தம். ஊர்ப் பெயரைக் கேட்டபோதே சந்தேகம் வந்தது, மார்க்கைக் கேட்டதும் நிச்சயமாகிப்போனது. அந்த ஆக்து எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான். "யோசிச்சு நாளைக்கிச் சொல்றேன்," என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் ரோசி நெத்திலிக் கருவாடும் மாங்காயும் போட்டுக் குழம்பு கூட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்தவர் வாயில் வைக்கவில்லை.

"இன்னாங்க, உப்பு இல்லியா?"

"வேலைய ஏன் வுட்டேன்னு கேப்பியே."

ரோசி அகப்பையோடு அப்படியே நின்றாள்.

அவர் சொன்னார். செக்‌ஷனில் அப்ளிகேஷனை மூணு கட்டாகப் பிரிப்பார்கள். சரியாய் இருப்பது ஒரு கட்டு. குறை இருப்பது ஒரு கட்டு. அதில் ஒவ்வொருத்தருக்கும், உன் அப்ளிகேஷனில் இன்ன குறை, ஏழு நாளில் வந்து சரிபண்ணு என்று கார்டு எழுதிப் போட வேண்டும். மூணாவது வெளியூர்க் கட்டு. பாண்டிச்சேரிக்காரன் இல்லை என்று ஒதுக்கியது. அதுக்குக் கார்டு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான்.

"எழுவத்தாறு ஜூலைல ஒரு நாளு. குறைக் கட்டுல பதினோரு அப்ளிகேஷன் மிச்சம். கார்டு தீந்துபோச்சு. ஸ்டோர்க்காரன் பூட்டிட்டுப் போயிட்டான். மறுநா காலைல லிஸ்ட்டு டைப்புக்குப் போவணும். சூப்பிரண்டு, 'முடிச்சிட்டுப் போய்யா'ன்னு கத்திட்டுப் போயிட்டாரு. எனக்கு அஞ்சே கால் பஸ்ஸு. பதினொண்ணையும் தூக்கி வெளியூர்க் கட்டுல வெச்சி சேப்புக் கோடு போட்டேன், ரோசி."

"அதுல ஒண்ணு இந்தப் பையனா?"

"சொந்த ஊருன்ற எடத்துல அம்மா ஊரைப் போட்டிருந்தான். அதான் குறை. ஆனா உள்ள அப்பனோட ஆக்து இருந்துச்சு. நான் எடுத்துப் படிச்சேன். இந்த ஊருக்காரன்தான்னு தெரிஞ்சே போட்டேன்."

அகப்பை அவர் தோளில் விழுந்தது. சூட்டுக் குழம்பு சட்டையில் வழிந்தது.

"பஸ்ஸுக்காவா? அடப்பாவி மனுசா, ஒரு பஸ்ஸுக்காவா?"

"மறுவருஷம் அப்பனும் புள்ளையும் வந்து ஆக்தைக் கேட்டாங்க. ரசீது நம்பரு இல்லாம தேட முடியாதுன்னு கவுண்டர்ல சொல்லிட்டான். மூணு நாளு வந்தானுவோ. மூணாம் நாளு வாட்ச்மேன் புடிச்சுத் தள்ள, பையன் அடிக்க, போலீஸு வந்து இஸ்துகினு போனான். பதினஞ்சு நாளு ஜெயிலு. கம்பிவலைக்கு இந்தாண்ட குந்திகினு எல்லாத்தையும் பாத்தேன். அவங்க என்னப் பாக்கல. நம்பரு எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல. அடுத்த மாசமே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

ரோசி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"இப்போ நீயே போய் வாங்கியா."

"அப்ளிகேஷன் போட்டவனே கையெழுத்துப் போட்டாத்தான் தருவான். அந்தப் பையன்தான் போவணும்."

"அப்போ மொட்டக் கடுதாசி போடு. நம்பர மட்டும் எழுது."

"கடுதாசி போய்ச் சேர சனிக்கெழம ஆயிடும். சேந்தாலும், ஜெயிலுக்கு அனுப்ன எடத்துக்கு எவனோ எழுதனான்னு போவானா அவன்?"

"நேர்ல போய்ச் சொன்னா வெட்டுவான்யா! கொடுவாளோடத்தான் திரியிறான்னு சொல்ற. பேனா புடிக்கற கையி போச்சுன்னா நாம இன்னாத்தத் துன்றது?"

"தெரியல," என்றார் சவரிராயன்.

ரோசி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு குழம்புச் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, "நானும் வரேன்," என்றாள்.

வியாழக்கிழமை காலை பாகூருக்கு பஸ், அங்கேயிருந்து நடை. ஆனி மாசத்துக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. சுப்பராயலு கொல்லையில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. சோகை உரிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. அடிக்கரும்பில் காய்ந்து தொங்குகிற தோகையை ஒவ்வொன்றாய்க் கழித்து வரப்பில் குவிக்க வேண்டும். பொட்டுக் காற்று உள்ளே நுழையாது. தோகையிலுள்ள சொனைமுள் உடம்பெல்லாம் குத்தும். சோகை கத்தி மாதிரி கையை அறுக்கும். அப்பன் ஒரு சால், மகன் ஒரு சால், தாயும் மகளும் குவிக்கிறார்கள். டாக்டர் சீட்டுக்கு மார்க் வாங்கிய பெண்ணின் முன்கை முழுக்க அறுத்த கோடுகள்.

"சாரே வந்துட்டாரே!" என்று அமிர்தம் ஓடி வந்து, வேப்ப மர நிழலில் உட்காரவைத்து, தூக்கிலிருந்து கூழ் ஊற்றிக் கொடுத்தாள். கடிக்க மோர்மிளகாய். ரோசி குடிக்காதே என்று கண்ணால் சொன்னாள். சவரிராயன் குடித்தார். அவருக்கு வாய் காய்ந்திருந்தது.

"இன்னா சார், வழி இருக்குதா?" என்றான் சுப்பராயலு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

"இருக்குது. ஆக்து எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். காலேஜ்ல மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூமு. பழசு பத்து வருஷம் வெச்சிருப்பாங்க. எழுவத்தாறு, வெளியூர்க் கட்டு. நம்பரைச் சொல்லி மணவாளன் கையெழுத்துப் போட்டா எடுத்துக் குடுத்துடுவாங்க."

"வெளியூரா? எவன் வெளியூரு?" மணவாளன் சாலிலிருந்து வெளியே வந்தான். "ஒனக்கு எப்டித் தெரியும்?"

சவரிராயன் எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"அந்தக் கட்டுல வெச்சது நான்தாம்பா."

கார்டு தீர்ந்ததைச் சொன்னார். சிவப்புக் கோட்டைச் சொன்னார். கம்பிவலைக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்ததையும் சொன்னார். பஸ்ஸைச் சொன்னபோதுதான் சுப்பராயலுவின் கால் வந்தது. வயிற்றில் விழுந்த உதையில் குடித்த கூழ் வெளியே வந்தது. குப்புற விழுந்தவரைப் புரட்டிப்போட்டு முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. "எம் புள்ள வாழ்க்கையடா! எம் புள்ள வாழ்க்கையடா!" என்று ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தரம் சொன்னான். ஏழு வருஷமாய் அந்தப் பிள்ளையை அடித்த அதே கையால் அடித்தான்.

ரோசி குடையால் சுப்பராயலு முதுகில் மாறி மாறி அடித்தாள். குடைக்கம்பி வளைந்ததே ஒழிய அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணவாளன் கத்தவில்லை. மெதுவாய் வந்து அப்பனை ஒரு கையால் விலக்கினான். சவரிராயனின் வலது கையை இழுத்து வேப்ப மரத்து வேரின் மேல் வைத்தான். "இந்தக் கைதான?" என்று கேட்டான். சவரிராயன் ஆமாம் என்று தலையாட்டினார். பொய் சொல்லியிருக்கலாம், இடது கைப் பழக்கம் என்று. அந்த நேரத்தில் அது தோன்றவில்லை அந்த மனுசனுக்கு.

கொடுவாளைத் திருப்பி, கூர் மேலே இருக்கப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கத்தால் விரல்கள் மேல் ஓங்கிப் போட்டான். நடுவிரலும் மோதிர விரலும் ஒடிந்த சத்தம் அமிர்தத்துக்குக் கேட்டது. ரோசி பாய்ந்து அவன் முன்கையைக் கடித்தாள். சதை பிய்ந்து ரத்தம் வரக் கடித்தாள். அவளை உதறிவிட்டு ரெண்டாந்தரம் ஓங்கினான்.

"அண்ணே! நம்பரக் கேட்டுட்டு அப்பறம் அடி!"

கத்தினது விஜயகுமாரி. ஓங்கின கையைப் பிடித்துத் தொங்கினாள். "செத்துட்டான்னா நம்பர யாரு சொல்லுவா? நாளானிக்கு சனிக்கெழம! ஒன்னுதான் போச்சு, என்னுதும் போவணுமா? கேளு அண்ணே, நம்பரக் கேளு!"

இந்தப் பெண்ணுக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா என்று பிற்பாடு ஊரில் கேட்டார்கள். சோகையில் நின்று பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும் அவர்கள். இந்தச் சனிக்கிழமையை விட்டால் அவளுக்கு இதே கரும்பு, இதே கொல்லை, இல்லாவிட்டால் எவனுடைய கொல்லையோ.

"நூத்தி எண்பத்தேழு," என்றார் சவரிராயன், வாயில் ரத்தத்தோடு.

மணவாளன் கை தானாய்க் கீழே இறங்கியது. "நூத்தி எண்பத்தேழு," என்று தனக்குள் சொன்னான். அவனுக்கும் அந்த நம்பர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ரசீதைத் தொலைத்த பதினாறு வயசுப் பையன் எத்தனை நாள் அதை நினைவுபடுத்திப் பார்த்திருப்பான். கொடுவாளை வரப்பில் எறிந்தான்.

அமிர்தம் தண்ணீர் கொண்டுவந்து அவர் முகத்தைக் கழுவினாள். ரோசி தன் முந்தானையைக் கிழித்து, ரெண்டு கரும்புத் துண்டை வைத்துக் கையைக் கட்டினாள். கட்டிக்கொண்டே மணவாளனைத் திட்டினாள்; அவனும் தன் முன்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு முதலில் போவதா காலேஜுக்கா என்று சுப்பராயலு கேட்டான். "காலேஜு நாலு மணிக்கு மூடிடுவான், ஆஸ்பத்திரி மூட மாட்டான்," என்றார் சவரிராயன். அடித்தவர்களும் அடி வாங்கினவரும் ஒரே டிராக்டரில் ஏறி உட்கார்ந்து டவுனுக்குப் போனார்கள்.

காலேஜ் ஜன்னலில் புது கிளார்க். பழைய வாட்ச்மேன் ரிட்டையராகிப் போயிருந்தான். மணவாளன் ஒரு சீட்டில் வருஷமும் நம்பரும் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பேனாவைப் பிடிக்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முக்கால் மணி நேரத்தில் ஒட்டடையோடு ஒரு கட்டு வந்தது. ஆக்து உள்ளேயே இருந்தது. மடிப்பு பழுத்துப்போயிருந்தது, சீல் அழியவில்லை. விஜயகுமாரி அதைப் பிடுங்கிக் கொண்டு, அமிர்தத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தாசில்தார் ஆபீசுக்கு ஓடினாள்.

மிச்சம் நின்றது மூணு ஆம்பிளையும் ரோசியும்.

மணவாளன் தன் அப்ளிகேஷனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் அரும்பு மீசை போட்டோ. அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு. சொந்த ஊர் என்ற இடத்தில் முதலில் 'குருவிநத்தம்' என்று முத்து முத்தாய் எழுதியிருந்தது. அதை அடித்து, மேலே நெருக்கி 'மேட்டுச்சாவடி' என்று எழுதியிருந்தது.

"நைனா, இங்க வா," என்றான்.

சுப்பராயலு வந்தான். அவனுக்குத் தன் ஊர்ப் பெயரைப் படிக்கத் தெரியும்.

"இத அடிக்கச் சொன்னது யாரு?"

சுப்பராயலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"'பொறந்த ஊருதாண்டா சொந்த ஊரு, ஒனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு மண்டைல குட்டி அடிக்கச் சொன்னியா இல்லியா? ஏழு வருஷமா நானும் சொல்றேன். சொல்லச் சொல்ல, 'எதுத்தா பேசற'ன்னு அடிச்ச. நடு ஊர்ல அடிச்ச. பொண்ணு பாக்க வந்தவங்க எதுர்ல அடிச்ச. சார், நீ சொல்லு. இவருக்குக் கேக்கற மாரி சொல்லு. நான் எழுதனதுல இன்னா தப்பு?"

சவரிராயனுக்கு உதடு வீங்கியிருந்தது. "ஒரு தப்பும் இல்ல," என்றார். "தம்பி சரியாத்தான் எழுதியிருக்குது. அடிச்சு எழுத வெச்சது ஒரு தப்பு. கார்டு போடாதது ஒரு தப்பு. ரெண்டும் அவன் பண்ணல."

மணவாளன் அப்பனை அறைந்தான். ஒரே அறை. சுவரில் மோதிய சுப்பராயலுவின் துண்டு கீழே விழுந்தது. வராந்தாவில் நின்ற பிள்ளைகள் ஒதுங்கினார்கள். ரோசி வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்து மூணு வருஷத்தில் அவன் அப்பன்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

சுப்பராயலு துண்டை எடுக்கவில்லை. "இன்னொண்ணு அடிடா," என்றான்.

மணவாளன் அடிக்கவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்து, சத்தம் போட்டு அழுதான். ஜெயிலில் வைத்து அடித்தபோதுகூட அழாதவன்.

சவரிராயனுக்கு அன்றைக்கே கட்டுப் போட்டார்கள். ரெண்டு விரல் உடைந்திருந்தது. போலீஸ் கேஸாக எழுதவா என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, கரும்பு வண்டி ஏறிவிட்டது என்றார். ரோசிக்கு அது பிடிக்கவில்லை. ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தக் கை அப்புறம் நேராகவேயில்லை, எழுத்து கோணிக்கொண்டுதான் போனது. மீதிப் பத்துப் பேரும் யார் யார் என்று அவர் பின்னாலே ஒவ்வொரு ஊராய்த் தேடிப் போனார். நாலு பேரைக் கண்டுபிடித்தார், அதில் ஒருத்தன் செத்துப்போயிருந்தான். விஜயகுமாரிக்கு ஆகஸ்டில் சீட்டு வந்தது.

ஆனால் சனிக்கிழமையைச் சொல்லாமல் விடக்கூடாது. தாசில்தார் ஆபீஸ் சர்டிபிகேட் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கைக்கு வந்துவிட்டது. அக்பர் அலி கடை பெஞ்சில் சவரிராயன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, விஜயகுமாரியின் அப்ளிகேஷனை மணவாளன்தான் எழுதினான். வேறு யார் எழுதவும் அவன் விடவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். மூணேகால் மணிக்கு டவுனில் கவுண்டரில் கொடுத்தார்கள். உள்ளே இருந்த ஆள் பக்கம் பக்கமாய்ப் புரட்டிப் பார்த்தான்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. யாரு எழுதினது?"

மணவாளன் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற சுப்பராயலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கன்னத்தில் அறை விழுந்த இடம் இன்னும் கன்றிப்போயிருந்தது.

"எம் புள்ள சார்," என்றான். "அவன் எப்பவும் ஒழுங்காத்தான் எழுதுவான்."